இருபத்தேழு புழுக்கள்

அடுப்பு மேடைக்கடியில் தலையை விட்டு டார்ச் அடித்துக்கொண்டிருந்தாள் ஆராய்ச்சிக்காரி. டப்பாவிலிருந்த இருபது பச்சைப் புழுக்களையும் காணோம்.

லேசுப்பட்ட புழுக்களா அவை! புழு தின்னத் தின்ன, கடுகுச் செடி தலைமுறைக்குத் தலைமுறை கசப்பைக் கூட்டும். செடி கசக்கக் கசக்க, புழுவும் அதைத் தின்னப் பழகும். இந்தப் போட்டியை ஐந்து வருடமாக ஆய்வுக்கூடத்தில் நடத்தி உருவாக்கிய பரம்பரை. வெளிப்புழு அந்தச் செடியின் இலையை ஏறெடுத்தும் பார்க்காது.

அங்கே ஏசி பழுது. வீட்டுக்குக் கொண்டுவந்தாள். மூச்சு முட்டுமே என்று மூடியைத் துளி திறந்துவைத்தாள். அவ்வளவுதான். ஆய்வைத் தொடரலாமா வேண்டாமா என்று முடிவுசெய்யும் குழு நாளைக் காலை வருகிறது.

"மிதிச்சுடாதீங்க!"

"காலையே கீழ வைக்கலியே," என்றான் தையல்காரக் கணவன், நாற்காலி மேல் நின்றபடி. ஆனாலும் இறங்கினான். கட்டிலைப் புரட்டினான், பீரோவை நகர்த்தினான். முட்டிவலிக்கார மாமியாரும் தரையோடு தரையாகத் தவழ்ந்தாள்.

சாயங்காலம் பிடிபட்டதெல்லாம் ஒரே டப்பாவில்.

"இருபத்தேழு!" என்றான் கணவன் பெருமையாக.

"தொலைஞ்சதே இருபதுதாங்க!"

"கூடத்தானே இருக்கு? குறைஞ்சாத்தானே கவலை?"

"எங்கேருந்து எடுத்தீங்க?"

"மாடிப்படியில ஏழு. பாவம், அவ்வளவு தூரம் ஏறியிருக்குங்க."

அவளுக்குத் தலை சுற்றியது. வெளிப்புழு கலந்துவிட்டது. பிரிக்க ஒரே வழிதான். கசப்பு இலையைப் போட்டாள். எந்த ஏழு ஒதுங்குகிறதோ அதைத் தூக்கி எறியலாம்.

ஒன்றும் ஒதுங்கவில்லை. இருபத்தேழும் பந்தியில் உட்கார்ந்தமாதிரி வெளுத்துக்கட்டின.

"கண்ட புழுவும் இதைத் தின்னுது! அஞ்சு வருஷமா நான் என்னத்தைக் கிழிச்சேன்?"

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கணவன் மீசையில் ஒட்டடை, மாமியார் புடவையெல்லாம் தூசி. இரண்டு பேரும் அவளையே பார்த்தார்கள். அவள் மாமியாரின் முந்தானையைத் தட்டிவிட்டாள்.

"ஆராய்ச்சி போனா போகட்டும். ஒரு புழுவுக்காக என்கூட இப்படித் தவழ வேற எந்த வீட்டுல ஆள் கிடைக்கும், அத்தை?"

மாமியார் தயங்கித் தயங்கி வாயைத் திறந்தாள்: "அந்த ஏழும் என்னோடதும்மா, உரத்துக்குப் போடுங்கன்னு நீ கொண்டாந்து தர்ற செடிய மனசு கேக்காம அஞ்சு வருஷமா மாடியில நட்டு வெச்சிருக்கேன், மொத மூணு வருஷம் ஒரு புழு வாய் வைக்கல, இப்பப் பழகிட்டு மொட்டையடிக்குதுங்க!"