முஹய்யோவின் வால்வுக் கட்டியும் என் நாடிக் குறிப்பேடும்

அன்புள்ள ஓஸோதா அக்காவுக்கு, தங்கை ஹோஸியத் ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் சமர்கந்தில் எல்லோரும் நலம், என்னைத் தவிர. அதை இங்கே யாரும் நம்புவதில்லை.

பதினொரு வருடமாக ஃபஜ்ர் தொழுத கையோடு நாடியை எண்ணிக் குறிப்பேட்டில் எழுதுகிறவள் நான். மருத்துவப் புத்தகங்களை நானே படித்து, இது வால்வுக் கோளாறுதான் என்று முடிவு செய்து, போன மாதம் இதயத்துக்கு ஸ்கேன் எடுக்கப் போனேன், துணைக்கு என் ஓரகத்தி முஹய்யோ வந்தாள், வாய் நிறையச் சூரியகாந்தி விதை. டாக்டரம்மா என் நெஞ்சில் கருவியை உருட்டிவிட்டு, "உங்களுக்கு ஒண்ணுமில்லம்மா, வெறும் வாயு," என்றார். இவ்வளவு தூரம் வந்தோமே என்று நான்தான், "இவளையும் ஒரு தடவை பாத்துடுங்களேன்," என்றேன், என் வாய்! அவளுடைய பெருந்தமனி வால்வில் பட்டாணி அளவு கட்டி, காம்பு வைத்து, ஒவ்வொரு துடிப்புக்கும் பாசி போல ஆடுகிறதாம். "இருபது வருஷத்துல இது எனக்கு மூணாவதுதான்!" என்று பக்கத்து அறை டாக்டர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்தும் உறுதி செய்தார்கள். புற்றுநோய் மாதிரி தெரியவில்லை, ஆனால் ஒரு துணுக்கு பிய்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம், நெஞ்சைத் திறந்து எடுத்தே ஆக வேண்டும் என்றார்கள்.

அன்று முதல் மாமியார் கையால் அவளுக்கு ஆட்டெலும்பு சூப், எனக்குச் சீரகத் தண்ணீர். "எண்ணி எண்ணி எழுதினது நீங்க, கட்டி கிடைச்சது எனக்கு, கோவிச்சுக்காதீங்கக்கா," என்று சிரிக்கிறாள்! இன்று காலை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது, வழக்கப்படி ஒரு வாய் கடித்துவிட்டுப் போக, மீதியை அவள் திரும்பும்வரை சுவரில் மாட்டி வைக்க, ஆளாளுக்கு ரொட்டி நீட்டினார்கள். அவள் நான் சுட்டதைக் கடித்து, "மீதிய நான் திரும்பி வந்துதான் தின்பேன், பத்திரமா மாட்டி வைங்கக்கா," என்றாள். அதற்கும் பாராட்டு கடித்தவளுக்குத்தான், சுட்டவளுக்கு இல்லை. ஆகவே வெள்ளிக்கிழமை நீ அவளைப் பார்க்க வரும்போது கொண்டுவரும் தேனை என் கையில் கொடு. அவளுக்கு வந்ததே போதும்.

உன் பிள்ளைகளுக்கு நீண்ட ஆயுளும், டாக்டர்கள் திரும்பிப் பார்க்காத இதயமும் கிடைக்க துஆ செய்யும்,
ஹோஸியத்

பி.கு.: இதை ஆபரேஷன் அறை வாசலில் உட்கார்ந்து எழுதினேன். இப்போதுதான் டாக்டர் வெளியே வந்தார். கட்டியை மட்டும் சீவி எடுத்துவிட்டார்களாம், வால்வுக்குச் சேதமில்லை, பிழைத்துக்கொண்டாள். வீட்டுச் சுவரில் தொங்க வேண்டிய ரொட்டி காலையிலிருந்து என் மடியிலேயே இருக்கிறது. தேனை அவளுக்கே கொடு. குறிப்பேட்டைத் திறந்தேன், இன்றைய வரி காலி. நாடியை எண்ண மறந்துவிட்டேன்.