பத்தடி மூங்கிலும் ஒன்பதடி அறையும்

நம் ஊரில் வீடு கட்ட இரண்டு இடத்தில் அனுமதி வாங்க வேண்டும். ஒன்று பஞ்சாயத்து ஆபீஸ். மற்றது மாமனார். பஞ்சாயத்தில் மனு கொடுத்தால் என்றைக்காவது ஒரு நாள் பதில் வரும். மாமனாரிடம் மனு கொடுக்காமலே பதில் வரும். இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஒரு புத்திசாலியைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். அது வேறு யாருமில்லை பிள்ளைகளே, உங்கள் அப்பாதான். உங்கள் அம்மா சொன்னால் என்னை இன்னும் கொஞ்சம் முட்டாளாக்கித்தான் சொல்லுவாள். அதற்கு நானே எழுதிவிடுவது மேல்.

அப்போது மேலகரத்தில் நமக்கு இருந்தது ஓர் அறையும் ஓர் அடுக்களையும்தான். நான் தென்காசியில் ஒரு பலசரக்குக் கடையில் வேலையாக இருந்தேன். உங்கள் பெரியக்கா வடகரையில், அம்மாவின் வீட்டில் பிறந்தாள். நான் பிள்ளையைப் பார்க்கப் போன அன்றைக்கே மாமா, அதாவது என் மாமனார், சட்டத்தைச் சொல்லிவிட்டார்.

"மாப்ளே, சாரல் விழுந்தா உம்ம வீட்டுல மழை உள்ளதான் பெய்யிது. பச்சப் புள்ளைய அங்கன எப்படிப் படுக்கப் போட? பக்கத்துல ஒரு ரூமு எடும். எடுத்துட்டுச் சொல்லி அனுப்பும், நானே கொண்டாந்து விடுதேன். ஆனி முடியுமுன்ன ஆவணும். ஆடியில அனுப்பமாட்டேன்."

ஆனியைத் தவறவிட்டால் ஆவணிதான். அதற்குள் பிள்ளை குப்புற விழுந்து, தவழ்ந்து, 'நீ யாருவே?' என்று என்னைக் கேட்கத் தொடங்கிவிடும். அம்மா இல்லாமல் நானே பொங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்த சோற்றைப் பற்றி இங்கே எழுதாமல் விடுகிறேன்.

வீட்டுக்குக் கீழ்ப்புறம், ஒரு சந்தின் ஓரமாகக் கொஞ்சம் இடம் காலியாகக் கிடந்தது. அறையை நானே கடைப் பொட்டலக் காகிதத்தில் வரைந்து பஞ்சாயத்து ஆபீசுக்குக் கொண்டுபோனேன். அங்கே இருந்த கிளார்க் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது வீடா, நண்டா?" என்று கேட்டார். லைசென்ஸ் வைத்திருக்கிறவர் வரைந்த பிளான்தான் செல்லுமாம். அப்படி ஒருவரைத் தேடிப் பிடித்தேன். பஞ்சாயத்து ஓவர்சியர் இடத்தை வந்து பார்த்தார். சந்துப் பக்கம் மூன்றடி காலி விட வேண்டும் என்றார். "சரி சார்" என்றேன். மூன்றடி விட்டுச் சுவரும் எழுப்பினால் அறையின் உள்ளகலம் ஒன்பதடிதான் வரும். அப்படியே பிளான் வரைந்து, முத்திரை குத்தி, அனுமதியும் வந்தது.

கலெக்டர் உத்தியோகம் கிடைத்தவன் மாதிரி அதை எடுத்துக்கொண்டு வடகரைக்குப் போனேன். ஒன்பது என்று கேட்டதும் மாமா வாயிலிருந்த வெற்றிலையைப் பாதியில் துப்பினார்.

"ஒம்பதா? மனையடி சாஸ்திரத்துக்கு ஒம்பது ஆகவே ஆகாதே! எட்டு ஆகும், பத்து ஆகும். ஒம்பதுல எவனாவது ரூமு எடுப்பானா?"

"அப்பம் எட்டா எடுத்திருதேன், மாமா."

"எட்டடி கோழிக்குப் போதும். எம் பேத்திக்குப் பத்து."

"சரி மாமா" என்றேன். (அந்த வயதில் எனக்கு அப்படி ஒரு வியாதி. எதிரில் நிற்கிறவர் எதைச் சொன்னாலும் வாய் தானாகச் 'சரி' என்றுவிடும். அதற்குப் பிறகு படுகிறதெல்லாம் உடம்புதானே, வாய்க்கு என்ன?)

கொத்தனார் சுடலைமுத்து நூல் கட்டும்போது, சந்துப் பக்கம் ஓரடி தள்ளிக் கட்டச் சொன்னேன்.

"பிளான்ல அப்படி இல்லியே, அண்ணாச்சி. ஓவர்சியரு வந்தா?"

"சாரல் நேரத்துல எவன் வருவான்? நீரு கட்டும்."

"வந்தா, நான் சின்னப் புள்ள, எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிருவேன், ஆமா" என்றார். (அவர் தலை அப்போதே பஞ்சாக வெளுத்திருந்தது.)

சுவர் எழும்பியது, ஓடும் போட்டாயிற்று. பத்தடி அறை தயார் என்று வடகரைக்குச் சொல்லி அனுப்பினேன். ஆனிக் கடைசி வெள்ளிக்கிழமை பிள்ளையோடு வருவதாகப் பதில் வந்தது. அந்தச் சந்தோஷத்தில் நான் இருக்கும்போதே பஞ்சாயத்துப் பியூன் வந்து, வியாழக்கிழமை ஓவர்சியர் அளந்து பார்க்க வருகிறார் என்று சொல்லிவிட்டுப் போனான்.

வியாழன் ஓவர்சியர், வெள்ளி மாமா. நடுவில் ஓர் இரவு இருக்கிறதே! என் மூளை குற்றால அருவி மாதிரிக் கொட்டியது. அறைக்குள்ளே, சந்துச் சுவரை ஒட்டி ஓரடி கனத்துக்குச் செங்கலைச் சும்மா அடுக்கி, மேலே மண்ணைப் பூசி, வெள்ளை அடிக்கச் சொன்னேன். உள்ளே ஒன்பதடி வந்துவிடும். வெளியே சந்தில் தென்னோலையை மலையாகக் குவித்தேன், யாரும் டேப்பு பிடிக்க முடியாதபடி. ஓவர்சியர் போனதும் செங்கலை எடுத்துவிட்டால் மறுபடியும் பத்தடி.

சுடலைமுத்து தள்ளி நின்று பார்த்தார். "அண்ணாச்சி, இது சுவரு இல்ல. ஒரு ஆளு தும்முனா போச்சு."

வியாழக்கிழமை அடித்த மழையில் ஓவர்சியர் வரவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் குடையோடு வந்து நின்றார்.

சந்தில் ஓலைக் குவியலைப் பார்த்தார். "அதுக்குள்ள தேள் கெடக்கு சார்" என்றேன். அவர் உள்ளே வந்து டேப்பைப் பிடித்தார். சுத்தமாக ஒன்பதடி. "சுவரு ஏன் இன்னும் காயல?" என்றார். "சாரல் சார்" என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் பேனாவை எடுத்தார். மூடியையும் திருகிவிட்டார். அந்த நேரம் பார்த்து வாசலில் வண்டிமாட்டுச் சலங்கை கேட்டது.

மாமா இறங்கினார். இறங்கியதுமே வண்டியிலிருந்து ஒரு மூங்கிலை உருவினார். சரியாகப் பத்தடிக்கு வெட்டிய மூங்கில்! என் வார்த்தையில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

"வாங்க மாமா, மொதல்ல ஒரு வாய் காப்பி..."

"காப்பி கெடக்கட்டும். ரூமு எங்க?"

மூங்கில் வாசல் வழியாக உள்ளே நுழைந்தது. ஆனால் குறுக்கே படுக்க மறுத்தது. ஒரு பக்கம் தரையில் வைத்தால் மறுபக்கம் சுவரில் ஏறி நின்றது.

"ஏன் மாப்ளே, கம்பு படுக்க மாட்டேங்கு?"

ஓவர்சியர் பாவம், உதவிக்கு வந்தார். "பெரியவரே, இது ஒம்பதடி ரூமு. இப்பந்தான் அளந்தேன்."

"யாரு சொன்னா? எம் மாப்பிள்ள பத்துன்னுல்லா சொல்லிவிட்டாரு!"

"நான் அளந்தது கவர்மெண்டு டேப்பு."

இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒன்பது என்றால் பிள்ளை வடகரைக்குத் திரும்பிப் போகும். பத்து என்றால் சுவர் போகும். உங்கள் அப்பா என்ன சொன்னான் தெரியுமா? "கம்பத்தான் கொஞ்சம் கூட வெட்டிட்டாங்க போல, மாமா" என்றான்.

"நான்ல்லாவே வெட்டினேன்!" என்று மாமா கோபத்தோடு மூங்கிலை ஓர் அழுத்து அழுத்தினார்.

சுவர் விழுந்தது. தடால் என்றுகூட விழவில்லை. அலுத்துப்போன மனிதன் உட்காருகிற மாதிரி, மெதுவாக, வரிசை வரிசையாகச் சரிந்து ஓவர்சியரின் செருப்பை மூடியது. பின்னால் அசல் சுவர் சாந்து பூசி அழகாக நின்றது. மூங்கில் செங்கலுக்கு மேலே, இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடுவில், நூல் பிடித்தாற்போல் படுத்துக்கொண்டது.

"பத்து!" என்று மாமா சந்தோஷமாகக் கத்தினார். "நான் சொல்லல? எம் மாப்பிள்ள வாக்கு மாறமாட்டாரு!"

ஓவர்சியர் பேனாவை மூடினார். வெளியே போய்க் குடைக் கம்பியால் ஓலையைத் தள்ளிவிட்டுச் சந்துப் பக்கத்துக் காலி இடத்தை அளந்தார். இரண்டடி இருந்தது. (தேள் இல்லை.)

செங்கலை எடுக்க வந்திருந்த சுடலைமுத்து யாரும் கேட்காமலே, "நான் சின்னப் புள்ள சார்" என்றார்.

"இந்தச் சுவரப் பிரிச்சு, மூணடி விட்டுக் கட்டணும். இல்லன்னா நாங்க ஆள் வச்சுப் பிரிப்போம்" என்றார் ஓவர்சியர்.

"பிரிச்சா ஒம்பதால்ல ஆவும்? ஒம்பதுல எம் பேத்தி படுக்கமாட்டா. ஏலே, வண்டியத் திருப்புலே!" என்றார் மாமா வண்டிக்காரனிடம்.

நான் வண்டியைப் பார்த்தேன். உங்கள் அம்மா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இன்னும் இறங்காமல் இருந்தாள். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. இனி ஆவணிதான் என்று நினைத்தேன். 'சரி' என்று சொல்லக்கூட வாய் வரவில்லை.

அம்மா இறங்கினாள். என்னைத் தாண்டி நேரே ஓவர்சியரிடம் போனாள்.

"சார், வெளிய மூணடி விட்டுட்டா, உள்ள சுவரு எவ்வளவு கனமா இருந்தாலும் உங்களுக்கு ஒண்ணும் இல்லியே?"

"உள்ள நீங்க மலையக்கூட வச்சுக்கிடுங்கம்மா. எனக்குச் சந்துதான் கணக்கு."

அம்மா மாமாவிடம் திரும்பினாள். "ஒம்பது வாரத கனத்த சுவரா வச்சு எட்டாக்கிருவோம். எட்டு ஆகும்னு நீங்கதான சொன்னீய?"

"ஆகும். ஆனா எட்டடிங்கிறது கோழிக்கு..."

"அப்பம் நான் கோழியாவே இருந்துக்கிடுதேன்ப்பா. வண்டியில ஏறுனா ஆவணிதான். கட்டி முடியுமட்டும் பழைய ரூமு மூலையில நனையாத இடம் இருக்கு, போதும்."

மாமா மூங்கிலை வெளியே எடுத்துவந்து, அதில் இரண்டடியை வெட்டிப் போடும்படி சுடலைமுத்துவிடம் சொன்னார். அதுதான் அவருடைய அனுமதி.

அம்மா பிள்ளையை என் கையில் கொடுத்தாள். அப்போதுதான் மெல்லக் கேட்டாள்: "வாய் ஒண்ணுதான இருக்கு உங்களுக்கு? அதுல ரெண்டு அளவு எப்படி வந்துது?"

நம் வீட்டுக்கு வருகிறவர்கள், "இதென்ன, ரூமுக்குக் கோட்டைச் சுவர்?" என்று கேட்பதும், நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவதும் நீங்கள் பார்த்ததுதான். அந்தக் கனத்தில் அம்மா ஆழமாக ஒரு மாடம் வைக்கச் சொல்லி, அதில்தான் உங்கள் பள்ளிக்கூடப் பைகளை வைத்தாள்.

அன்றையிலிருந்து நான் எதைச் சொன்னாலும் வீட்டில் ஒரே கேள்விதான். கடையிலிருந்து சீக்கிரம் வந்துவிடுகிறேன் என்றால், "ஒம்பதா, பத்தா?" உடம்புக்கு ஒன்றுமில்லை என்றால், "ஒம்பதா, பத்தா?" உங்கள் பெரியக்காவைப் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால், "எம் பொண்ணு நல்லாச் சமைப்பா" என்று நான் சொன்னபோது, அடுக்களைக்குள்ளிருந்து அவளே கேட்டாள். வந்தவர்களுக்கு விளங்கவில்லை. அம்மாதான் விளக்கினாள், ஓவர்சியர் செருப்பு உட்பட. சம்பந்தி சிரித்த சிரிப்பில் காப்பி அவர் வேட்டியில் கொட்டியது.

போன வாரம் பெரியக்காவின் மகள் வந்திருந்தாள். இன்னும் எண்ணத் தெரியாத பிள்ளை. "தாத்தா உனக்கு நாளைக்கு மிட்டாய் வாங்கித் தருதேன்" என்றேன். அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "ஒம்பதா, பத்தா?" என்றாள்.

நான் செருப்பை மாட்டிக்கொண்டு அப்போதே கடைக்குப் போனேன்.