நாற்பத்தெட்டு ரோஜாவும் ஒரு ரப்பர் மூடியும்

எனக்கு எண்ணும் வியாதி உண்டு. ஹைதராபாத்தின் உப்பல் பகுதியில் ஒரு தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் தரப் பரிசோதகராக இருந்து, நாள் முழுக்க போல்ட் எண்ணியதால் வந்தது. ஓய்வுபெற்ற பிறகு எண்ண போல்ட் இல்லை. மாடிப்படி, மாத்திரை, பிரசங்கத்தில் போதகர் "ஆகவே" சொல்லும் தடவை (சராசரி இருபத்தாறு) என்று கிடைத்ததை எண்ணுகிறேன். எண்ணத் தெரிந்தவனுக்கு எல்லாம் தெரியும் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கை ஒரு ஜூன் மாத மாலையில், செகந்திராபாத் போகும் வழியில் முடிந்தது.

தங்கை மகள் ஷீபாவுக்குக் கல்யாணம். தாய்மாமன் என்ற முறையில் கேக் என் பொறுப்பு.

"அண்ணே, பேக்கரி வேன்லயே வந்துரட்டும். உங்க காரை நம்ப முடியாது" என்றாள் தங்கை எஸ்தர்.

என் காருக்கு அப்போது பத்தொன்பது வயது. எனக்குச் சுருக்கென்றது. "என் கார் ஏசி ஐஸ்பெட்டி மாதிரி. கேக் ஒழுங்கா வந்து சேரலைன்னா என்னைத் தாய்மாமன்னே சொல்லாதே" என்றேன். (அந்த வாயை அப்போதே தைத்திருக்க வேண்டும்.) மாப்பிள்ளை வீட்டார் நாகர்கோவிலிலிருந்து நாற்பத்திரண்டு பேர் வந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் என் தங்கை தலை குனியக் கூடாது.

கல்யாணத்தன்று காலை காரைக் கிளப்பி, ஏசியைப் போட்டு, அடியில் குனிந்து பார்த்தேன். ஒரு சின்னக் குழாயிலிருந்து தண்ணீர் சொட்டியது. நிமிடத்துக்கு முப்பத்தெட்டு சொட்டு! ஏசியில் சேரும் தண்ணீர் அந்தக் குழாய் வழியாக வெளியே போகத்தான் வேண்டும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்குத் தெரியவில்லை. கேக்கோடு நடுரோட்டில் கார் நின்றுவிடும் என்று பயந்து, மருந்துப் புட்டியின் ரப்பர் மூடி ஒன்றைக் குழாயில் திருகி, சைக்கிள் ட்யூப் துண்டால் கட்டினேன். பத்து நிமிடம் காத்திருந்து எண்ணினேன். பூஜ்யம். அன்று காலை எனக்கு இருந்த பெருமையை எண்ணால் சொல்ல முடியாது.

மாலை மூன்றரைக்கு பேக்கரி. இரண்டு அடுக்குக் கேக். மேல் அடுக்கு ஒரு கிலோ. அதை மடியில் வைத்துக்கொண்டு என் மனைவி மெர்சி பின் சீட்டில் உட்கார்ந்தாள். கீழ் அடுக்கு ஆறு கிலோ, அதன்மேல் நாற்பத்தெட்டு சர்க்கரை ரோஜா. சீட் சரிவாக இருக்கும், முன் சீட்டின் காலடிதான் சமதளம், அங்கேயே வையுங்கள், ஏசியை முழுசாகத் திறந்துவிடுங்கள் என்றார் பேக்கரிக்காரர். அப்படியே செய்தேன். மழை பெய்து விட்டிருந்தது. ஊரே புழுங்கியது.

தார்நாகா தாண்டும்போது மெர்சி சொன்னாள்: "என்னங்க, முன்னாடி என்னவோ களக் களக்னு சத்தம் வருது."

"பெட்ரோல் டேங்க்."

"டேங்க் பின்னாடில்ல இருக்கு?"

"பேசாம வா. பதினோராவது ஸ்பீட் பிரேக்கர் வருது."

அதில் ஏறும்போது ஒரு ஆட்டோ குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்தேன். டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து ஒரு செம்புத் தண்ணீர் கேக் பெட்டியின் மேல் கொட்டியது. நான் வாயைத் திறப்பதற்குள் இன்னொரு செம்பு. அட்டை மூடி மெல்லக் குழிந்து, தயங்கி, கேக்குக்குள் இறங்கிப் படுத்தது. கை ஸ்டியரிங்கிலேயே ஒட்டிக்கொண்டது. பின்னால் பதினேழு ஹாரன். (அப்போதும் எண்ணினேன்.)

எப்படியோ ஓரங்கட்டினேன். எதிரே ஒரு மெக்கானிக் கடை. மெக்கானிக் வந்து, காருக்கு அடியில் கையை விட்டு, ட்யூப்பை அவிழ்த்து மூடியைப் பிடுங்கினார். தேங்கியிருந்த தண்ணீர் அவர் முழங்கை வழியாக ஓடியது. மூடியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"கோன் கரே சாப் ஏ காம்?"

யார் செய்த வேலை என்று கேட்கிறார். முப்பது வருடமாக இந்த ஊரில் இருந்தும் இந்தி புரியாது என்று சாதிக்கும் மெர்சி, ஒரு நொடி தாமதிக்காமல் விரலை என் பக்கம் நீட்டினாள்.

"ஏசி கா பானி பாஹரிச் ஜானா சாப்" என்றார் அவர். ஏசித் தண்ணீர் வெளியேதான் போகணும். அவ்வளவுதான். ரிப்பேர் ஒரு நிமிடத்தில் முடிந்தது. கேக் அதற்கு முன்பே முடிந்திருந்தது.

மண்டபத்தின் பின்வாசலில் எஸ்தர் பெட்டியைத் திறந்தாள். "அண்ணே! இது கேக்கா, கஞ்சியா?"

மணப்பெண் ஷீபா எட்டிப் பார்த்தாள். "மாமா, வாட் இஸ் திஸ்?" அழுதால் மேக்கப் கரைந்துவிடும் என்று மேலே விட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நேரே சமையல்கட்டுக்கு ஓடினேன். கீழ் அடுக்கு பதினாலு அங்குலம். பிரியாணிப் பாத்திரங்களை ஒவ்வொன்றாகச் சாணால் அளந்து, சரியாகப் பதினாலு அங்குலத்தில் ஒன்றைக் கழுவிக் கவிழ்த்து, வெள்ளை மேஜைவிரிப்பைச் சுற்றி ரிப்பன் கட்டினேன். உயிர் பிழைத்த பதினொரு ரோஜாவை ஒட்டினேன். மேலே மெர்சி மடியில் வந்த ஒரு கிலோ. தூரத்திலிருந்து பார்த்தால் சத்தியமாகக் கேக்தான். ஷீபாகூட லேசாகச் சிரித்தாள்.

ஜெபம் முடிந்தது. இருவரும் மேல் கேக்கை வெட்டினார்கள். எனக்கு மூச்சு திரும்பியது. அப்போதுதான் அந்தப் படுபாவி போட்டோகிராபர், "சார், பெரிய கேக்கையும் ஒரு வெட்டு வெட்டுங்க" என்றான். ஷீபா தடுப்பதற்குள், ஒன்றும் அறியாத மாப்பிள்ளை முழு பலத்தோடு கத்தியை இறக்கினார்.

டங்!

போதகரின் மைக் பக்கத்திலேயே இருந்தது. விட்டமெல்லாம் எதிரொலித்தது. முந்நூறு தலை கேக்கின் பக்கம் திரும்பியது. மாப்பிள்ளையின் அம்மா மெதுவாகக் கேட்டார்: "என்ன, கேக்கு போன வாரமே செஞ்சதோ?"

முதலில் சிரித்தது ஷீபா. மேக்கப் கரையக் கரையச் சிரித்தாள். பிறகு நாகர்கோவில் நாற்பத்திரண்டு பேரும் சிரித்தார்கள். எஸ்தர் மட்டும் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பேசியபோது முதல் வார்த்தையே "தாய்மாமன் சார்" என்றுதான் வந்தது.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யார் கேக் வெட்டினாலும், கத்தி இறங்கும்போது எல்லோரும் சேர்ந்து "டங்" என்பார்கள். நாகர்கோவிலிலும் இதே வழக்கமாம். போன மாதம் என் எழுபத்திரண்டாவது பிறந்தநாள். கத்தி என் கையில். சுற்றி நின்ற பதினாலு பேரில் பதின்மூன்று பேர்தான் "டங்" என்றார்கள். மெர்சி வாயே திறக்கவில்லை. எனக்காக இரக்கப்படுகிறாள் என்று நெகிழ்ந்து நிமிர்ந்து பார்த்தேன்.

அவள் கையில் கரண்டியும், கவிழ்த்த குண்டானும் இருந்தன.