மாப்பிள்ளையின் மூக்கு வீங்கியது பற்றிய விளக்கம்

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய சம்பந்தி ஐயா அவர்களுக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் நலம், உங்கள் மகனின் மூக்கைத் தவிர. மாமனாரே தள்ளிவிட்டார் என்று சம்பந்தியம்மாவிடம் யாரோ வத்தி வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். நான் தொடக்கூட இல்லை. கூப்பிடவில்லை, அவ்வளவுதான்.

நான் காலமெல்லாம் உதிரிபாகக் கிடங்கைக் கட்டிக் காத்த பம்பு கம்பெனிக்கே உங்கள் மகன் மேலாளராக வந்தது தாங்கள் அறிந்ததே. வந்த அன்றே எல்லோரையும் கூட்டிவைத்து, "இனிமே இங்க சார் கிடையாது. என்னையும் பேர் சொல்லியே கூப்பிடுங்க. அப்பத்தான் பயமில்லாம பேசுவீங்க" என்றார். லாரி டிரைவர் முதல் கணக்குப்பிள்ளை வரை எல்லோருக்கும் கொண்டாட்டம். என்னையும் அவர் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறார். வீட்டுக்கு வந்தால் மட்டும் மாமா. போகட்டும். பெண்ணைக் கொடுத்த மாப்பிள்ளையைப் பேர் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. 'சார்' என்றால் தடை. 'மாப்பிள்ளை' என்றால் உறவு அம்பலமாகும். ஓய்வு வயதைத் தொட்டுவிட்ட எனக்கு வேலையை நீட்டிப்பதா வேண்டாமா என்று அவர்தான் முடிவெடுக்க வேண்டும். சொந்தக்காரனுக்குச் சலுகை என்று நாலு பேர் பேச மாட்டார்களா?

ஆகவே கனைத்தேன். தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்று என்னைக் கிடங்கிலிருந்து மாடிக்கு மாற்றிவிட்டார். மேசையைத் தட்டிப் பார்த்தேன். "உங்களுக்கு ஏதாவது மனக்கஷ்டமா?" என்று தனியே உட்காரவைத்து விசாரித்தார். இருக்கிறது என்று எப்படிச் சொல்வது?

நேற்று கண்ணாடிக் கதவைப் பளபளவென்று துடைத்து மூடியிருந்தார்கள். உங்கள் மகன் போனில் பேசிக்கொண்டே நேராக அதை நோக்கி வந்தார். நான் பார்த்துவிட்டேன். என்னவென்று கூப்பிடுவேன்? சாரா? தம்பியா? 'ஏங்க' என்றால் அது என் வீட்டுக்காரி என்னைக் கூப்பிடுவது. நான் ஒரு முடிவுக்கு வருவதற்குள் அவர் கதவுக்கு வந்துவிட்டார்.

சிபாரிசு கேட்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். வேலையில்லாமல் வீட்டில் உட்கார என்னால் ஆகாது, சம்பந்தி. என் வாயால் அவரிடம் கேட்க வேண்டுமென்றால் முதலில் கூப்பிட்டாக வேண்டுமே. தாங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். மரியாதை தெரிந்த மனுஷன் என்று மட்டும் சொல்லுங்கள், பொய்யாகாது.

சம்பந்தியம்மாவுக்கு என் கும்பிடு. சின்னவர்கள் எல்லோரும் நோய்நொடியில்லாமல் நூறு வயது வாழட்டும்.

இப்படிக்கு,
என்றும் தங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட,
பெண்ணைப் பெற்றவன்

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் முடிவு வந்துவிட்டது. நீட்டிப்பு கிடையாதாம். 'மேலாளரிடம் மனம்விட்டுப் பேசத் தயங்குகிறார்' என்று காரணம் போட்டிருக்கிறது. நேராக அவர் அறைக்குப் போனேன். "டேய்!" என்றேன். ஆபீஸ் முழுக்கக் கேட்டது. உங்கள் மகன் சடாரென்று எழுந்து நின்று, "சொல்லுங்க சார்" என்றார்.