செவ்வாய்க்கிழமை ஊசிக்கு முன்

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

நலம் விசாரிப்பது உங்கள் தொழில் என்பதால் அதை உங்களிடமே விட்டுவிடுகிறேன். நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். உங்களிடம் மாதாமாதம் வரும் நோயாளிகளில் ஒருவன் ஐந்து மாதமாகச் சர்க்கரை மாத்திரை சாப்பிடவில்லை. அவன் நான்தான்.

தொடங்கிவைத்தவன் என் மச்சினன், எங்கள் ஏணியை வாங்கிப்போய் நான்கு வருடமாகத் திருப்பித் தராதவன். "மாமா, நீங்க போடுற மாத்திரைதானே இது?" என்று கைபேசியில் ஒரு செய்தி அனுப்பினான். சில சர்க்கரை மருந்துகளுக்கும் வயிறு, குடல், கணையப் புற்றுநோய்க்கும் தொடர்பு இருக்கலாமாம். மறுவாரம் அவனே, மாத்திரை புற்றுநோயைத் தடுக்கிறது என்று இன்னொன்று அனுப்பினான். ஆபத்து கூடுகிறது, குறைகிறது என்கிறார்களே தவிர, எதிலிருந்து எவ்வளவு என்று இரண்டிலும் இல்லை. கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை வைக்கும் ஆய்வாளன் நான். அளவு சொல்லாத எதையும் நம்பிப் பழக்கமில்லை. ஆனால் என் அண்ணன் இதே மாத்திரையைப் பதினான்கு வருடம் போட்டான். கணையத்தில் கட்டி வந்து மூன்றே மாதத்தில் போய்விட்டான். மாத்திரையாலா, சர்க்கரையாலா, இரண்டாலும் இல்லையா? உங்களிடம் கேட்டேன். கணினியைப் பார்த்தபடியே, "கண்டதையும் படிக்காதீங்க" என்றீர்கள். அது பதிலா டாக்டர்? பன்னிரண்டு வருடமாக வருகிறேன். என் முகம் உங்களுக்குத் தெரியுமா என்றே சந்தேகம்.

அன்றைக்கு நிறுத்தினேன். என் மனைவி எதிரிலேயே நின்று மாத்திரை கொடுப்பாள். நாக்குக்கு அடியில் ஒதுக்கி, தண்ணீரைக் குடித்து, தெருமுனையில் கைக்குட்டைக்கு மாற்றி, மருந்தாயிற்றே, எறிய மனம் வராமல், அலுவலகத்துச் சோதனை எடைக்கல் பெட்டியில், தொலைந்துபோன ஐம்பது கிராம் கல்லின் குழியில் சேர்த்துவைத்தேன். எனக்குப் பின்னால் சேர்ந்து எனக்கு மேலே போன அதிகாரி அதைத் திறந்து பார்த்துவிட்டு, "என்ன சார், இதுக்கும் முத்திரை போடணுமா?" என்றார், எல்லோர் முன்னாலும்.

சர்க்கரை ஏறியது. "ஒழுங்கா போடுறீங்களா?" என்றீர்கள். நான் வாய் திறப்பதற்குள் கூட வந்திருந்த என் மனைவி, "என் கண்ணு முன்னாடிதான் டாக்டர் முழுங்குறாரு" என்றாள். அந்தப் பெருமையைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் அளவைக் கூட்டினீர்கள். மறுபடி ஏறியது; மறுபடி கூட்டினீர்கள். கால்விரல்கள் மரத்துப்போகின்றன, ஒரு பக்கம் படிப்பதற்குள் எழுத்து கலங்குகிறது. இப்போது வரும் செவ்வாய் முதல் இன்சுலின் என்கிறீர்கள். அவள் நர்ஸிடம் கற்றுக்கொண்டு வந்து ஆரஞ்சுப் பழத்தில் ஊசி குத்திப் பழகுகிறாள். "பழம் கத்துதா பாருங்க? நீங்களும் கத்தக் கூடாது" என்கிறாள்.

அந்த இன்சுலின் அளவை, ஒழுங்காக மாத்திரை போடும் ஓர் ஆளுக்கு நீங்கள் கணக்கிட்டிருக்கிறீர்கள். அப்படி ஓர் ஆள் இல்லை. பயந்துபோய் மாத்திரையையும் முழுங்கி ஊசியும் ஏறினால் சர்க்கரை இறங்கி நான் விழுவேன்; உண்மையைச் சொன்னால் அவள் விழுவாள். புற்றுநோய்க்குப் பயந்தவன் அது வரும்வரைகூட இருக்கமாட்டான் போலிருக்கிறது. அடுத்தவன் தராசில் செய்யும் பொய்யை இருபத்திரண்டு வருடமாகப் பிடிக்கிறவனுக்கு இந்தக் கதி.

ஆகவே ஊசியை நிறுத்திவையுங்கள். அண்ணனைப் பற்றிய கேள்விக்கு, தெரியாது என்றாலும் சரி, முகத்தைப் பார்த்து ஒரு பதில் சொல்லுங்கள்.

தாங்களும் தங்கள் கணினியும் நீடூழி வாழ்க.

பி.கு.: எழுதியது யார் என்று ஆராய வேண்டாம். மூன்று ரத்தப் பரிசோதனைத் தாள்களை இணைத்திருக்கிறேன். பெயரை மையால் அடித்துவிட்டேன், வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும். திங்கட்கிழமை விடுப்பு போட்டிருக்கிறேன். மதியம் இரண்டு முதல் மூன்று வரை அவள் தூங்குவாள். தொலைபேசி எண் தாளின் அடியில் இருக்கிறது, முதல் மணியிலேயே எடுத்துவிடுவேன். ஆனால் கையெழுத்து மட்டும் போடமாட்டேன். இப்படியே தபாலில் சேர்க்கிறேன்.