கோணாமலை இருக்கை உயர்த்திய படலம்

வாழ்க கோணாமலை! வாவி சூழ் புளியந்தீவின் தவப்புதல்வரும், குழிகளுக்கு அஞ்சாக் கொற்றவரும், ஐந்தடி இரண்டங்குல உடலுள் அடங்காப் பேராண்மையை அடக்கி வைத்தவருமாகிய அவரது பின்புறம் பட்ட பாட்டையும், அது தீர அவர் தொடுத்த போரையும் பாடத் துணிந்தோம். பிழை பொறுத்துத் துணை நிற்பாயாக, தார் கண்டு பத்தாண்டு கடந்த வடக்குப் பாதையே!

யுத்தம் நடந்த தொண்ணூறுகளில் அவர் மனைவி கண்ணகைக்குக் கதிரவெளியில் ஆசிரியர் நியமனம் கிடைத்தது. பஸ் வாழைச்சேனையோடு நின்றுவிட்ட காலம் அது. திங்கள் விடியலில் அவளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிச் சென்று விடுவதும், வெள்ளி மாலை கூட்டி வருவதும் அவ்வீரர் பூண்ட விரதம். ஆனால் அந்தப் பழைய ஹொண்டாவின் இருக்கையோ, பகைவர் நெஞ்சினும் கடியதாய், உள்ளிருந்த கம்பிகள் வேல்முனைகளாய் எழுந்து, இருவரையும் ஏறிய கணம் முதல் இறங்கும் கணம் வரை இடைவிடாது தாக்கிற்று.

ஒரு வெள்ளிக்கிழமை வாசலில் இறங்கி இடுப்பைப் பிடித்த கண்ணகை பிரகடனம் செய்தாள்: "இனி என்னால ஏலா. அங்கயே ஒரு அறை எடுத்து இரிக்கப் போறன். மாசத்துல ஒருக்கா வந்தாப் போதும்."

மாதத்தில் ஒருமுறை! கோணாமலை இடி விழுந்த மரம்போல் நின்றார்.

மறுநாள் காலை போர் தொடங்கியது. இருக்கைமேல் தலையணையைக் கட்டினார். தெருமுனைக் குழியிலேயே அது புறமுதுகிட்டது. தென்னந்தும்பு திணித்தார், அது துணியைத் துளைத்து வெளிவந்து கம்பிகளின் படையோடு சேர்ந்துகொண்டது. ஈற்றில் ஏறாவூர் ஏகி, இருக்கைகளுக்கு உறை தைப்பதில் நிகரற்ற உசனாரின் குசன் கடையில் சரணடைந்தார்.

"பழைய பஸ் சீற்றுட ஸ்பொஞ்ச் மூணு தட்டு இரிக்கி. எத்தின வெக்க?" என்றார் உசனார்.

"மூண்டையும் வையுங்க காக்கா! ஒண்டும் மிச்சம் விடாதீங்க!" என்று முழங்கினார் தலைவர்.

திங்கள் காலை இருவரும் மேகத்தில் ஊர்வதுபோல் சென்றனர். குழிகள் அணியணியாய் எதிர்வந்து அணியணியாய் வீழ்ந்தன. கண்ணகை ஒருமுறைகூட முனகவில்லை. ஆனால் அரை அடி உயர்ந்துவிட்ட ஆசனத்தில், ஏறாவூரிலிருந்து தனியே வந்தபோது பெருவிரல் ஊன்றிச் சமாளித்த கால், பின்னால் மனைவியும் அவள் பையும் இருக்கும்போது என்ன செய்யும்? பாலத்தடி இராணுவச் சென்றியில் நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தினார். நிலத்தைத் தேடிய கால் காற்றையே கண்டது. கண்ணகை குதித்துவிட்டாள். வண்டியும் வீரரும், கோட்டை மதில் சரிவதுபோல் சரிந்தனர்.

மூன்று துவக்குகள் நிமிர்ந்தன.

"சேர், சீற் உசரம்! கால் எட்டல்ல! வேறொண்டுமில்ல!" என்று கைகளை உயர்த்திக் கதறினாள் கண்ணகை.

"ஏன் இவ்வளவு பெரிய சீற்? உள்ளுக்கு என்ன?" என்றான் மூத்த சிப்பாய்.

கத்தி பாய்ந்தது, றெக்சீன் உறை பிளந்தது. மூன்று தட்டுகளும் பிடுங்கப்பட்டு, பிசையப்பட்டு, மோந்து பார்க்கப்பட்டு, வெயிலில் பிடித்து ஆராயப்பட்டன. அகப்பட்டது ஒரு பழைய பஸ் டிக்கட். சிப்பாய் இரண்டு தட்டுகளைத் தன் மரப்பெட்டிமேல் வைத்து, சோதிக்க அமர்ந்தான். அமர்ந்தவன் எழவில்லை. பல மாதக் கடுமை அவன் முகத்திலிருந்து மெல்ல இறங்கிற்று.

"போ, போ" என்று கையசைத்தான்.

திருப்பிக் கேட்கத் துணியாத தலைவர், எஞ்சிய ஒற்றைத் தட்டைக் கிழிந்த உறைக்குள் திணித்து, கயிற்றால் வரிந்து கட்டி ஏறினார். கால் நிலத்தில் ஊன்றியது. கம்பியும் குத்தவில்லை. பத்து மைல் கடந்தபின் அவர் முதுகில் ஒரு பாரம் சாய்ந்தது, கண்ணகை கண்ணயர்ந்திருந்தாள். துவக்குகளின் முன் அடித்துக்கொண்ட நெஞ்சு அப்போதுதான் அடங்க, அவளை எழுப்பவல்ல குழிகள் அத்தனையையும் ஆமை வேகத்தால் வென்றபடி, மூச்சையும் மெல்ல விட்டு, அந்தப் பாதையைக் கடந்தார் கோணாமலை.

பள்ளிக்கூட வாசலில் இறங்கிய கண்ணகை, "வெள்ளிக்கிழமை நேரத்தோட வாங்க" என்றாள்.