வதனியின் வளவில் மயூரதன்

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு, தேநீரில் பாதியைக் குடித்தும் மீதியைச் சாரத்தில் ஊற்றியும், ஜெயசுதன் சபதம் செய்தான்.

“ஒரு வளவும் விடமாட்டன்! ஒரு புல்லும் விடமாட்டன்!”

“முதலிலை அந்தக் கோப்பையை விடுங்கோ. உடையப்போகுது,” என்றாள் மனைவி உதயகலா.

சபதத்துக்குக் காரணம் சந்தியோகு.

சண்டிலிப்பாயிலும் சுற்றுவட்டாரத்திலும், வீடும் முற்றமுமாய்ப் பதினொரு வளவுகள். வீட்டுக்காரர் எல்லோரும் கனடாவிலும் லண்டனிலும். அங்கே வீட்டுக்கு முன்னால் புல்லைக் கம்பளம் மாதிரிப் பார்த்துப் பழகியவர்கள், இங்கேயும் அதே கம்பளம் வேண்டும் என்றார்கள். யாழ்ப்பாணத்து வெயிலுக்கும் அந்தப் புல்லுக்கும் சாதகம் பொருந்தவே இல்லை. ஆனாலும் கட்டிவைத்துவிட்டார்கள். இனி யாராவது தண்ணீர் விட்டு, யாராவது வெட்டித்தானே ஆகவேண்டும்?

போன வருசம்வரை அந்த யாராவது சந்தியோகுதான். அறுபது வயது, தேன் வாய். வாயில் இருந்த தேன் கைக்கு இறங்கவில்லை. புல்வெட்டும் மெசின் பழுதானபோது பக்கத்து வீட்டு ஏழு ஆடுகளை முறைவைத்து வளவுகளுக்குள் அவிழ்த்துவிட்டு, “வெட்டியாச்சு” என்று வீடியோ அனுப்பினார். கனடா ஸ்காபுரோவில் ஒரு அம்மா அந்த வீடியோவைப் பெரிதாக்கிப் பார்த்தார். புல்லின் நடுவே ஆட்டுப்புழுக்கை பளபளத்தது. அந்தக் கிழமையே பதினொரு வளவுகளின் திறப்புகளும், கேற்றுச் சாவி வீட்டுச் சாவி எல்லாம், ஜெயசுதன் வீட்டுச் சுவரில் ஓர் ஆணிக்கு இடம் மாறின.

அந்த ஆணிதான் ஜெயசுதனின் சீவியம். அதற்கு முன் அவன் மாமனார் கதிரவேலுவின் புகையிலைத் தோட்டத்தில் வேலைக்கு நின்றவன். மாமனார் வாய் திறந்தால் நிற்கிற புகையிலையே வாடிப்போகும். மருமகன் எந்த மூலைக்கு? ஆணி வெறுமையானால் திரும்பவும் அந்தத் தோட்டந்தான், அந்த வாய்தான்.

இப்போது நல்லூர்க் கோயில் கொடியேற்றத்துக்கு மூன்று கிழமை இருக்கிறது. வெளிநாட்டுக்காரர் வந்து இறங்கும் காலம். இந்த நேரம் பார்த்துச் சந்தியோகு ஒரு புதுச் சிவப்பு மெசினோடு எழுந்தருளிவிட்டார்.

“ஒவ்வொருத்தருக்கும் போன் எடுக்கிறாரப்பா! முதல் வெட்டு சும்மாவாம். ஒட்டடை அடிக்கிறது சும்மாவாம். தேங்காய் பிடுங்கிறது சும்மாவாம். வெள்ளிக்கிழமையிலை சாமியறைக்கு விளக்கும் வைப்பாராம்!”

“அந்தாள் சேர்ச்சுக்குப் போற வேதக்காரர் எல்லோ?”

“நானும் சந்தியிலை கண்டு கேட்டனான். விளக்குக்கு வேதம் தெரியாது தம்பி எண்டார்.”

“கெட்டிக்காரர்.”

“நீர் ஆற்றை பக்கம்?”

“நான் விளக்கின்ரை பக்கம்.”

ஜெயசுதன் கோப்பையை வைத்துவிட்டுத் தன் திட்டத்தை எடுத்தான். ஒவ்வொரு வளவிலும் வீட்டுக்கார ஐயாவின் பெயரைப் பெரிய எழுத்தில் புல்லிலேயே வெட்டுவது. எழுத்து இருக்கும் இடம் மொட்டை, சுற்றிவரப் புல் உயரமாக நிற்கும். தண்ணித் தாங்கியில் ஏறிப் படம் பிடித்து, அந்தந்த ஐயாவுக்கே அனுப்புவது. தன் பெயரைத் தன் ஊர் மண்ணில் பார்த்த எந்த ஆம்பிளை வேறு ஆளைத் தேடுவான்?

உதயகலா கோப்பையை எடுத்துக் கழுவினாள். பிறகு கேட்டாள்:

“வளவெல்லாம் ஆற்றை பேரிலை?”

“ஆற்றை பேரிலை இருந்தா என்ன? புல்லுக்கும் காணி உறுதி எழுதியோ வைச்சிருக்கு? நீர் சும்மா இரும். இது வியாபாரம். ஆம்பிளையளும் ஆம்பிளையளும் கதைச்சு முடிக்கிற விசயம்.”

இதை அவன் சொன்னது யாருக்கு? பதினொரு வளவுகளிலும் வீடியோ எடுப்பது உதயகலா. எந்த வளவுக்கு எந்த நாள் என்று குறித்துவைப்பது உதயகலா. மெசின் கத்தியைச் சுன்னாகத்துக்குக் கொண்டுபோய்த் தீட்டிக்கொண்டு வருவதும் அவள்தான். இதெல்லாம் வியாபாரத்தில் சேர்த்தி இல்லை என்பது ஜெயசுதனின் கருத்து. இதை அவன் எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தானோ தெரியாது. ஆனால் அவனோடு கூடப் படித்தவர்கள் ஊரில் நிறையப் பேர்.

“சரி. நான் சும்மா இருக்கிறன்,” என்றாள் உதயகலா. அவள் அப்படி உடனே ஒப்புக்கொண்டபோதே அவன் பயந்திருக்கவேண்டும். பயப்படவில்லை. மெசினை இழுத்துக்கொண்டு புறப்பட்டான்.

முதல் வளவு ஸ்காபுரோ மயூரதனுடையது. ‘ம’ ஒழுங்காக வந்தது. ‘யூ’வின் வால் கிணற்றடிவரை போய்விட்டது. அதை இழுத்துத் திருப்பி ‘ர’வையும் ‘த’வையும் முடித்தபோது சட்டை பிழிகிற அளவு வியர்வை. உதயகலா தாங்கியின் மேல் போனோடு நின்றாள்.

“கடைசி எழுத்துக்குப் புள்ளி வையுங்கோ! இல்லாட்டி மயூரதன மாதிரிக் கிடக்கு!”

“எங்கை வைக்கிறது? மாமரம் நிக்குது!”

“மரத்துக்குக் கீழை வையுங்கோ! நிழலிலை இருக்கட்டும், பாவம்!”

லண்டனில் ஒரு பரமசாமிப்பிள்ளை. ‘பரமசா’வோடு மதில் வந்துவிட்டது. மிச்சத்தைப் பின்வளவில் வெட்டி, இரண்டு படமாக அனுப்பினார்கள். இப்படி நாலு நாளில் பதினொரு வளவு, பதினொரு பெயர். வியாழன் பின்னேரம் படமெல்லாம் போய்ச் சேர்ந்தது.

மயூரதன் உடனே போன் எடுத்தார்.

“டேய் தம்பி, சோக்காயிருக்கடா! நான் பேஸ்புக்கிலை போட்டிட்டன்! ‘என் மண், என் வீடு, என் பெயர்’ எண்டு எழுதிப் போட்டிருக்கிறன்! சந்தியோகுவோ? ஆரடா அவன்?”

ஜெயசுதன் அன்றைக்கு முற்றத்தில் மூன்று முறை சும்மா நடந்தான்.

வெள்ளி காலை, போன் மணி அடித்தது. மயூரதனின் நம்பர்தான். குரல் வேறு.

“தம்பி, நான் வதனி கதைக்கிறன். உது ஆற்றை வளவு?”

“அது... மயூரதன் அண்ணையின்ரை...”

“அண்ணையின்ரையோ? அண்ணைக்குச் சண்டிலிப்பாயிலை ஒரு சாண் நிலம் இருக்கோ எண்டு அவரையே கேட்டுப்பாரும்! நாலு பரப்புக் காணியும் வீடும் என்ரை அம்மா எனக்குச் சீதனமா எழுதித் தந்தது. இந்த மனிசன் ஒரு சூட்கேசோடை வந்தவர். அதிலையும் பாதி அவற்றை தம்பியின்ரை உடுப்பு!”

“அக்கா, நான் ஒரு இதுக்கு...”

“இருபது வருசமா கேற்றிலை தன்ரை பேர்ப்பலகை போட நிண்டவர். நான் விடேல்லை. நீர் கிணத்தடிவரைக்கும் எழுதிக் குடுத்திட்டீர்! அதோடை, பேரை வெட்டினீர், சரி. புல்லை ஆர் வெட்டுறது? முழங்காலளவு நிக்குது! திறப்பைச் சந்தியோகுவிட்டைக் குடும். ஆடெண்டாலும் எழுதாது!”

பிறகு போன் கீழே வைக்கப்படவே இல்லை. லண்டன், கனடா மார்க்கம், திரும்ப லண்டன். எல்லாம் அக்காமார். எல்லாம் சீதன வளவு. யாழ்ப்பாணத்தில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் கலியாணம் கட்டி, சீதன வீட்டிலேயே படுத்து எழும்புகிற ஒருவன் இதை யோசிக்காமல் விட்டது எப்படி?

மத்தியானம் படலையில் மோட்டார்சைக்கிள் வந்து நின்றது. சந்தியோகு. வாயெல்லாம் பல்.

“தம்பி, மயூரதன் போன் எடுத்துச் சொன்னவர், அவற்றை திறப்பைத் தாரும். மற்றப் பத்தையும் சேர்த்துத் தந்தீரெண்டா எனக்கு ஒரு நடை மிச்சம்.”

ஜெயசுதனுக்குக் காதில் மாமனாரின் குரல் கேட்கத் தொடங்கியது. எழுந்து போய் ஆணியைப் பார்த்தான். ஆணி வெறுமையாக இருந்தது.

“திறப்பெல்லாம் என்னட்டை,” என்றபடி உதயகலா குசினியிலிருந்து வந்தாள். ஒரு கையில் திறப்புக்கோர்வை, மறு கையில் தேநீர். “இருங்கோ சந்தியோகண்ணை. தேத்தண்ணி குடிச்சிட்டுக் கதைப்பம். போன கிழமை நீங்கள் ஆரோடை கதைச்சனீங்கள்?”

“ஏன், மயூரதனோடை. பரமசாமியோடை...”

“எல்லாம் ஆம்பிளையள். ஒரு அக்காவோடையும் கதைக்கேல்லை?”

சந்தியோகுவின் பற்கள் ஒவ்வொன்றாக உள்ளே போயின.

“நான் கதைச்சனான்,” என்றாள் உதயகலா. “விடிஞ்சதிலை இருந்து பதினொரு பேரோடையும். வளவு உன்ரை கையிலை இருந்தா இருக்கட்டும், ஆம்பிளையள்டை கையிலை இனி வேண்டாம் எண்டிட்டினம். ஆட்டை அவை மறக்கேல்லை, அண்ணை. வதனியக்கா திறப்பை உங்களட்டைக் குடுக்கச் சொன்னது இவரைச் சும்மா வெருட்ட. இண்டையிலிருந்து வேலை என்ரை பேரிலை.”

ஜெயசுதன் துள்ளி எழுந்தான். “உமக்கு முதலே தெரியுமோ? அப்ப சொல்லியிருக்கலாமெல்லோ!”

“கேட்டனான். சும்மா இரும் எண்டியள். சும்மா இருந்தனான்.”

“தாங்கியிலை ஏறிப் படமும் எடுத்தீரே! புள்ளி வைக்கச் சொன்னீரே!”

“பிழையா எழுதினா வதனியக்காவுக்கு வாசிக்க ஏலாதெல்லோ? வாசிச்சாத்தானே கோவம் வரும். கோவம் வந்தாத்தானே என்னோடை கதைப்பா.”

அவன் தன் மெசினுக்குப் பக்கத்தில் போய்க் குந்தினான்.

உதயகலா சந்தியோகுவிடம் திரும்பினாள். “அண்ணை, உங்கடை சிவப்பு மெசின் நல்லது. கொடியேற்றத்துக்கு முன்னம் பதினொரு வளவும் முழுக்க வெட்டவேணும். ஒரு மெசின் காணாது. வாறீங்களோ? ஆடு இல்லை. வீடியோ நான்தான் எடுப்பன். விளக்கும் வைக்கத்தேவையில்லை.”

சந்தியோகு தேநீரைப் பார்த்தார். திறப்புக்கோர்வையைப் பார்த்தார். ஒரே மிடறில் முடிவெடுத்தார்.

“ஓம் பிள்ளை.”

“அப்ப நான்?” என்றான் ஜெயசுதன்.

உதயகலா பதில் சொல்லமுதலே, வேலைக்குச் சேர்ந்து இன்னும் ஒரு நிமிடம்கூட ஆகாத சந்தியோகு அவன் பக்கம் குனிந்து, அனுபவசாலி புதுப் பொடியனுக்குச் சொல்கிற மாதிரி மெதுவாகச் சொன்னார்:

“தம்பி, காலமை ஆறு மணிக்கு நில்லும். பிந்தினாப் பிள்ளைக்குப் பிடிக்காது.”